கொசுவலைக் கம்பியில் கற்ற கிட்டார்

சனிக்கிழமை மாலை ஓசூர் பஸ் நிலையத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூர் பஸ் வந்து நின்றால் போதும். கூட்டம் முண்டியடிக்கிறது. உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஜவுளி வாங்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவே வாலிபர் கூட்டம் ஒன்றும் நிற்கிறது. முதல் ஷிப்டு முடிந்து, அறைக்குப் போய்க் குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்.

எங்கே போகிறார்கள்? சிலர் சினிமாவுக்கு. சிலர் கடைத்தெருவுக்கு. சிலர், கிட்டார் கேட்க!

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான். அங்கே கிளப்புகளிலும் "பப்" என்கிற மதுக்கூடங்களிலும் இரவுக் கச்சேரி நடக்கிறது. "ப்ளூஸ்", "ராக்" என்று அதற்குப் பெயர்.

"அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கூத்து அல்லவா? ஷிப்டு வேலை பார்க்கும் பையனுக்கு அங்கே என்ன வேலை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் வேறு மாதிரி இருக்கிறது. இந்தக் கிட்டார் சங்கீதம் பணக்கார வீட்டில் பிறந்ததே அல்ல. வயலை விட்டுவிட்டு ஆலைக்கு வந்தவர்களின் சங்கீதம் அது. ஓசூரைப் போன்ற ஓர் ஆலை நகரத்தில், ஷிப்டு முடிந்து வந்தவர்களுக்காகவே அது வளர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

குலுங்கும் கண்ணாடிக் குவளை

முதலில் கிளப்புக்குள் போய்ப் பார்ப்போம்.

சிறிய கூடம். மங்கலான விளக்கு. ஓர் அடி உயரத்துக்கு மேடை. அதன்மேல் மூன்று, நான்கு பேர். ஒருவரிடம் கிட்டார். ஒருவரிடம் "பேஸ்" என்னும் அடிக்குரல் கிட்டார். ஒருவர் டிரம் அடிக்கிறார். பாட்டுப் பாடுகிறவர் தனியாக இருப்பார், அல்லது கிட்டார்காரரே பாடுவார்.

ஆரம்பித்தால் காது அடைத்துப் போகிறது. நெஞ்சுக்கூடு அதிர்கிறது. மேஜைமேல் இருக்கும் கண்ணாடிக் குவளை குலுங்குகிறது. பழக்கம் இல்லாதவர்கள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார்கள். பொறுத்து உட்கார்ந்தால் மெல்ல மெல்ல ஒரு கட்டுக்கோப்பு புலப்படும்.

ஓர் அடி பாட்டு. அதே அடி மறுபடியும். மூன்றாவதாக அதற்குப் பதில் சொல்வது போல இன்னோர் அடி. ஒவ்வோர் அடிக்கும் நாலு "பார்". மொத்தம் 12. ஒவ்வொரு பாருக்கும் நாலு எண்ணிக்கை. ஆக 48 எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்குகிறது. பாட்டு ஓய்கிற இடத்தில் எல்லாம் கிட்டார் பதில் சொல்லுகிறது. நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தைப் பிடில்காரர் பிடிப்பது போல!

நம் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. ப்ளூஸ்காரர்கள் அதிகம் கையாளும் ஐந்து சுரங்கள் இருக்கின்றனவே, அவை ஏறக்குறைய நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள்தான். ச, க, ம, ப, நி! ஆனால் அந்தக் காந்தாரத்தை அவர்கள் நேராக நிறுத்துவதில்லை. தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி இழுக்கிறார்கள். சுரம் சற்று மேலே ஏறி, இதுவும் அல்லாமல் அதுவும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே நின்று அழுகிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கச்சேரி சூடு பிடித்ததும் கிட்டார்காரர் ஒரு வேடிக்கை செய்வார். வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்குவார். மேஜைகளுக்கு நடுவே நடப்பார். ஒருவர் காதருகே நின்று ஒரு தந்தியை இழுத்துவிட்டு, வாசல் வரை போவார். சில சமயம் தெருவுக்கே போய்விடுவார். ஆள் வெளியே, ஓசை உள்ளே! கூட்டம் ஆரவாரம் செய்யும்.

இப்போது கம்பியில்லாக் கருவி வந்துவிட்டது. எவரும் நடக்கலாம். ஆனால் இந்த வேடிக்கைக்கு வயது எழுபதுக்கு மேல். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பெயர் பட்டி கை.

தோளில் வந்த வித்வான்

ஆமாம், பெயரிலேயே "கை" இருக்கிறது. தமிழில் எழுதினால்தான் இந்த அழகு. முழுப்பெயர் ஜார்ஜ் பட்டி கை.

1936 ஜூலை 30. அமெரிக்காவின் தென்கோடி ராஜ்யமான லூசியானாவில் லெட்ஸ்வொர்த் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். தகப்பனாரும் தாயாரும் வேறொருவர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். பட்டி சிறுவனாக இருந்தபோதே பருத்தி எடுக்கப் போனார். வீட்டில் மின்சார விளக்கு கிடையாது.

பையனுக்குக் கிட்டார் மீது ஆசை. வாங்கக் காசு ஏது? ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையிலிருந்து கம்பியை உருவினார். அதைக் கட்டையில் கட்டி மீட்டினார். "டொய்ங்" என்று ஓசை வந்தது. வலையில் விழுந்த ஓட்டை வழியே கொசுவும் வந்தது! வீட்டார் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் தவித்த கதையைப் பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிறகு தகப்பனார் ஒரு பழைய கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். அதில் இருந்தவை இரண்டே தந்திகள்.

சற்று வளர்ந்ததும் பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு கச்சேரி பார்க்கிறார். "கிட்டார் ஸ்லிம்" என்பவருடைய கச்சேரி. மேடையில் டிரம்காரர் இருக்கிறார். மற்றவர்கள் இருக்கிறார்கள். கிட்டார் ஓசையும் கேட்கிறது. கிட்டார்காரரைத்தான் காணோம்! எங்கே என்று எல்லோரும் விழிக்கும்போது வாசல் வழியே ஒருவர் வருகிறார். பளபளக்கும் உடை. இன்னொருவர் தோள்மேல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வருகிறார். கிட்டாரிலிருந்து மேடைப் பெட்டி வரை நூறடிக்கும் மேல் நீளமான கம்பி!

பையன் அன்றே முடிவு செய்துவிட்டார். வாசித்தால் இப்படி வாசிக்க வேண்டும்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. பட்டி வேலைக்குப் போனார். லூசியானா அரசுப் பல்கலைக் கழகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. படிப்பு நின்றது. பகலெல்லாம் துடைப்பம். இரவில் கிட்டார்.

தாயிடம் சொன்ன பொய்

1957-ல் சிக்காகோவுக்குப் போவது என்று தீர்மானித்தார். வயது 21.

தாயாரிடம் விடைபெற வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரிடம், "கிட்டார் வாசிக்கப் போகிறேன்" என்றால் மனம் என்ன பாடுபடும்? ஒரு பொய் சொன்னார். "சிக்காகோவில் நிறையச் சம்பாதிப்பேன். புள்ளி புள்ளியாகப் போட்ட காடிலாக் காரில் உன்னைப் பார்க்க வருவேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தேற்றிவிட்டு ரயில் ஏறினார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வீடுகளில் இப்படிப்பட்ட பொய்கள் சொல்லப்பட்டிருக்கும்! "கம்பெனியில் நிரந்தரம் ஆகிவிடும் அம்மா. அடுத்த வருஷம் வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ் ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 25-ந்தேதி பட்டி சிக்காகோவில் இறங்கினார்.

ஆலை நகரம்

சிக்காகோ என்றால் அன்று உருக்கு ஆலை, இறைச்சிக் கூடம், ரயில்வே, தொழிற்சாலை. தெற்கே பருத்திக் காட்டில் கிடந்த கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். சிக்காகோவுக்கு மட்டும் அல்ல. 1910-க்கும் 1970-க்கும் நடுவே தெற்கை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கூலிக்காக மட்டும் அவர்கள் ஓடவில்லை. தெற்கே அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டும். வெள்ளையர் கோபித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஓசூருக்கு வருகிறவன் கதையோடு இதைச் சரிசமமாக வைத்துப் பேசக்கூடாது. அவர்கள் பட்ட துன்பம் வேறு.

ஆனால் ஆலை நகரத்தின் சுபாவம் எங்கும் ஒன்றுதான். ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். இப்போது செல்போன் பாகங்கள், மின்சார ஸ்கூட்டர் என்று மாவட்டம் முழுவதும் பரவிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை பேசிக்கொண்டிருந்த ஊரில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. ஓர் அறையில் நாலு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுக்கிறான். ஊரில் கேட்ட பம்பையும் தெருக்கூத்தும் இங்கே இல்லை. கூத்து விடிய விடிய நடக்கும். காலை ஷிப்டுக்குப் போகிறவன் விடிய விடிய உட்கார முடியுமா?

சிக்காகோவிலும் இதே சங்கடம் இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டவர் மட்டி வாட்டர்ஸ்.

"கலங்கல் தண்ணீர்" என்று அந்தப் பட்டப்பெயருக்குப் பொருள். உண்மைப் பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. மிஸிஸிப்பி ராஜ்யத்தில் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1943-ல் சிக்காகோவுக்கு வந்தார். காகித ஆலையில் வேலை. லாரி ஓட்டினார். இரவில் மதுக்கடைகளில் கிட்டார் வாசித்தார்.

பண்ணையில் வாசித்தது மரக் கிட்டார். மரத்தடியில் நாலு பேர் கேட்க அது போதும். ஆலை வேலை முடிந்தவர்கள் கூடிச் சத்தம் போடும் மதுக்கடையில் அது எப்படிக் கேட்கும்? ஆகவே மட்டி மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். 

மின்சாரக் கிட்டாரின் தத்துவம் எளிது. தந்திக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் உண்டாகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தப் பெட்டியை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் ஓசை உடைந்து உறுமுகிறது. பெட்டியின் குறை என்று நினைத்த அந்த உறுமல்தான் பிற்பாடு உலகம் முழுவதும் "ராக்" கிட்டாரின் குரல் ஆயிற்று.

மூன்று நாள் பட்டினி

நம் பட்டி சிக்காகோவுக்கு வந்தாரே, அவர் கதை என்ன ஆயிற்று?

வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்த காசு கரைந்தது. சில மாதங்களில் சோற்றுக்கே வழி இல்லை. பட்டினி மூன்றாவது நாளை எட்டியது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். திரும்பவும் ரயிலுக்குக் காசு வேண்டுமே!

கையில் கிட்டாரோடு தெருவில் நின்றவரை யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனார். 47-வது தெருவில் "708 கிளப்". அங்கே ஓட்டிஸ் ரஷ் என்ற பேர்பெற்ற கிட்டார்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். புதுப் பையனை மேடை ஏற்றினார்கள்.

பசி மயக்கம். புது ஊர். எதிரே முன்பின் தெரியாத கூட்டம். வாசித்தால் பிழைக்கலாம். சொதப்பினால் மறுபடி தெருதான்.

தான் தோளில் பார்த்த குரு கிட்டார் ஸ்லிமின் பாட்டையே எடுத்தார் பட்டி. கடைக்காரருக்குப் பிடித்துவிட்டது. யாரோ மட்டி வாட்டர்சுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து பார்த்தார். பையனின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஓடியவனுக்குத்தானே ஓடுகிறவனைத் தெரியும்? காரில் இருந்த ரொட்டியையும் இறைச்சியையும் எடுத்து, முதலில் இதைத் தின்னு என்று உட்கார வைத்தார்.

அன்று அந்த ரொட்டி கிடைக்காவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

பனியில் ஒரு நடை

சிக்காகோவில் அப்போது கிட்டார்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஓட்டிஸ் ரஷ் இருந்தார். மாஜிக் சாம் இருந்தார். இவர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இவர்களுக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்று பட்டிக்குப் பயம்.

கிளப்புகளில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு ஒரு புட்டி விஸ்கி. பட்டி அங்கே ஸ்லிமின் வித்தையை எடுத்துவிட்டார். நீண்ட கம்பியைப் பெட்டியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். பனிக் காலம். உள்ளே எல்லோரும் காத்திருக்கிறார்கள். திடீர் என்று கிட்டார் உறுமுகிறது. ஆளைக் காணோம். கதவு திறக்கிறது. குளிர்காற்றோடு பட்டி வாசித்துக்கொண்டே உள்ளே வருகிறார்!

போட்டியில் ஜெயித்தார். ஆனால் விஸ்கி புட்டியை அதற்குள் வேறு யாரோ காலி செய்துவிட்டார்களாம்!

கிளப்பில் இவ்வளவு பேர் வாங்கியவருக்கு இசைத்தட்டுக் கம்பெனியில் மரியாதை இல்லை. "செஸ்" என்ற கம்பெனிக்கு வாசித்தார். கிளப்பில் வாசிக்கிற மாதிரி வாசிக்க அங்கே விடவில்லை. வெறும் இரைச்சல் என்றார் முதலாளி லெனர்டு செஸ். மற்றவர்கள் பாட்டுக்குப் பக்க வாத்தியமாக வாசிக்கச் சொன்னார்கள்.

குடும்பம் நடக்க வேண்டாமா? 1967 வரை பட்டி பகலில் லாரி ஓட்டினார். பழுதான கார்களை இழுத்துப் போகும் லாரி. மாலையில் கை கழுவிக்கொண்டு கிளப்புக்குப் போவார். நகம் இடுக்கில் கிரீஸ் போகாமலே எத்தனையோ இரவுகள் வாசித்திருப்பார்.

இதற்குள் கடல் தாண்டி ஒரு மாற்றம் நடந்தது. 1965-ல் பட்டி இங்கிலாந்துக்குப் போய் வாசித்தார். அங்கே எரிக் கிளாப்டன் போன்ற வெள்ளைக்கார வாலிபர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-ல் நியூயார்க்கில் பட்டியின் கச்சேரிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தார். இந்த வாலிபர்கள் அதே "இரைச்சலை" வாசித்து லட்சம் லட்சமாகத் தட்டு விற்றார்கள். அப்போதுதான் செஸ் முதலாளிக்குக் கண் திறந்தது. பட்டியை அழைத்தார். குனிந்து நின்று, என்னை ஓர் உதை விடு என்றாராம்! பட்டியே இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

உதைத்தாரா என்று கேட்காதீர்கள். உதைத்து என்ன பிரயோஜனம்? பத்து வருஷம் போனது போனதுதான்.

பம்பாயில் ஒரு ராத்திரி

அந்தச் சங்கீதம் நம் தேசத்துக்கு வந்த வழி இன்னும் வேடிக்கையானது.

708 கிளப்பில் வாசித்த ஓட்டிஸ் ரஷ் 1956-ல் ஒரு பாட்டைத் தட்டில் கொடுத்திருந்தார். மட்டி வாட்டர்ஸ் 1962-ல் இன்னொரு பாட்டைக் கொடுத்தார். இந்த இரண்டையும் லண்டனில் "லெட் ஸெப்பலின்" என்ற குழு 1969-ல் தன் முதல் தட்டில் சேர்த்தது. குழு உலகப் புகழ் அடைந்தது.

1972 அக்டோபரில் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் பம்பாய்க்கு வந்தார்கள். இந்துஸ்தானி வாத்தியக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்து பார்க்க வந்தவர்கள், கொலாபாவில் இருந்த "ஸ்லிப் டிஸ்க்" என்ற சிறிய கிளப்புக்குப் போனார்கள். உள்ளூர் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். மைதானம் நிறைய ஜனங்கள் டிக்கட் வாங்கிப் பார்க்கும் கிட்டார்காரர், ஒரு கிளப்பில் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று வாசித்தார்! அங்கே இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

அதே காலத்தில் பெங்களூரில் ஒரு குழு இருந்தது. "ஹியூமன் பாண்டேஜ்" என்று பெயர். அதை ஆரம்பித்தவர்கள் சகோதரர்கள். சுரேஷ் ஷோத்தம் கிட்டார். 1948-ல் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் டிரம். ராதா தாமஸ் பாடகி. அக்காலத்தில் மேல்நாட்டு ராக் சங்கீதம் வாசித்த இந்தியக் குழுக்களில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. குழு கலைந்த பிறகு ரமேஷ் என்ன செய்தார் தெரியுமா? பெங்களூரிலேயே கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் சேர்ந்து தவில் கற்றுக்கொண்டார்! பின்னர் ஜெர்மனியில் குடியேறி, மேல்நாட்டு ஜாஸ் மேடைகளில் தவிலும் கஞ்சிராவும் வாசித்து உலகப் பெயர் எடுத்தார்.

இன்னொருவர் பிரசன்னா. இவர் ராணிப்பேட்டைக்காரர். அதுவும் ஆலை ஊர்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு. அமெரிக்காவில் பெர்க்லி சங்கீதக் கல்லூரியில் படிப்பு. மின்சாரக் கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறவர். பிடில் மேதை கன்னியாகுமரியிடம் பயின்றவர். 2006-ல் "எலெக்ட்ரிக் கணேஷா லேண்டு" என்ற தட்டை ஹெண்ட்ரிக்சுக்குக் காணிக்கையாக வெளியிட்டார். பட்டியிடம் ஹெண்ட்ரிக்ஸ் கற்றதை, ராணிப்பேட்டைக்காரர் பிள்ளையாரிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்!

2003 ஏப்ரலில் "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழு பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தது. அந்தக் குழுவின் பெயரே மட்டி வாட்டர்ஸ் 1950-ல் பாடிய ஒரு பாட்டின் பெயரிலிருந்து எடுத்ததுதான். காகித ஆலைத் தொழிலாளியின் பாட்டு, ஓசூருக்கு 40 கிலோ மீட்டர் வரை வந்துவிட்டது.

ஆலை போயிற்று, பாட்டு நின்றது

ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

சிக்காகோவின் பெரிய இறைச்சிச் சந்தை 1971-ல் மூடப்பட்டது. தெற்குப் பகுதி உருக்கு ஆலை 1992-ல் மூடப்பட்டது. எந்த ஆலைகளை நம்பி அந்த ஜனங்கள் வந்தார்களோ, அவற்றில் பல இன்று இல்லை. ஆனால் அவர்கள் ஷிப்டு முடிந்து கேட்ட பாட்டு இருக்கிறது. அதைக் கேட்க உலகம் முழுவதிலுமிருந்து ஜனங்கள் சிக்காகோவுக்குப் போகிறார்கள்.

அப்படி இருப்பதற்கு ஒரு காரணம், பட்டி போன்றவர்கள் மேடையை விடாமல் பிடித்துக்கொண்டதுதான். 1972-ல் 43-வது தெருவில் "செக்கர்போர்டு லவுஞ்சு" என்ற கிளப்பைப் பட்டி தொடங்கினார். வறுமையான பேட்டை. சிறிய இடம். 1981 நவம்பர் 22-ந்தேதி இரவு அங்கே மட்டி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது, ரோலிங் ஸ்டோன்ஸ்காரர்கள் உள்ளே வந்து மேடை ஏறினார்கள். மட்டி நடுவில். சீடப்பிள்ளைகள் பக்கத்தில். பட்டியும் ஏறி வாசித்தார். அதன் படம் இன்றும் கிடைக்கிறது. கோடீசுவரர்களான அந்த வெள்ளைக்காரர்கள், மட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பதைக் காணலாம்.

1983-ல் மட்டி காலமானார். ப்ளூசைச் சாகவிட்டுவிடாதே என்று பட்டியிடம் கேட்டுக்கொண்டாராம்.

1989-ல் பட்டி சிக்காகோவின் மையப் பகுதியில் "லெஜண்ட்ஸ்" என்ற கிளப்பைத் திறந்தார். ஜனவரி மாதம் அவரே அங்கே வாசிப்பது வழக்கம் ஆயிற்று. வெளியே பனி கொட்டும். உள்ளே இடம் இருக்காது. 1991-ல் வெளியிட்ட தட்டுதான் அவரை உலகறியச் செய்தது. அப்போது வயது 55! கிராமி பரிசுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 2012-ல் வெள்ளை மாளிகையில் வாசித்தார். அன்று ஜனாதிபதி ஒபாமாவையே நாலு அடி பாட வைத்துவிட்டார்.

2011-ல் பம்பாயில் மகிந்திரா ப்ளூஸ் விழா தொடங்கியபோது பட்டி வந்தார். மெகபூப் ஸ்டுடியோவில் வாசித்தார். பிறகும் வந்தார். நம் தேசத்திலேயே இன்று இந்தச் சங்கீதத்துக்கு நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள். ஷில்லாங்கில் ரூடி வாலங்கின் "சோல்மேட்" குழுவைச் சொல்லலாம். பெங்களூர் கிளப்புகளில் வாசிக்கும் வாலிபர்களில் பலர் பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். பட்டி லாரி ஓட்டினாரே, அதே கணக்குதான்.

ஓசூர் வாலிபர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளப்பில் நுழைவுக் கட்டணமும் உள்ளே விற்கும் பானமும் விலை அதிகம். ஒரு நாள் சம்பளம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். சிக்காகோவில் இது தொழிலாளி காலணா கொடுத்துக் கேட்ட பாட்டு. நம் பக்கத்துக்கு வரும்போது பணக்காரச் சரக்காகிவிட்டது. இது என்ன நியாயம் என்று தெரியவில்லை. பம்பைக்காரரும் ஒரு கிட்டார்காரப் பையனும் ஓசூரில் ஒரே மேடையில் உட்கார்ந்தால் என்ன? அதற்கு மூன்று பாஷை தெரிய வேண்டியதில்லை. சுத்த தன்யாசி தெரிந்தால் போதும்.

பட்டி 2023-ல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்துக் கிளம்பினார். ஆனாலும் 2025-ல் தம் 89-வது பிறந்த நாளன்று புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்.

மேடையில் அவர் கையில் பெரும்பாலும் ஒரு கறுப்புக் கிட்டார் இருக்கும். அதன் மேல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சட்டையிலும் பல நாள் புள்ளி இருக்கும். அலங்காரத்துக்காக என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

தாயார் அவர் வாசித்து ஒரு நாளும் பார்க்கவில்லை. பேர் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். புள்ளி போட்ட காடிலாக் காரில் வருவேன் என்று சொன்னது பொய் என்று தாயிடம் ஒப்புக்கொள்ள அவருக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் புள்ளிகளைக் கிட்டாரில் போட்டுக்கொண்டார்.